புறவாசலில் நின்று படித்த பாட்டு

என் ஓட்டலின் பின்சுவரில் நசுங்கிய அலுமினியத் தூக்குவாளி ஒன்று தொங்குகிறது. நான்காம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் குழம்பை மோந்தே உப்பு, புளி சொல்லிவிடுவேன். திருநெல்வேலி ஜங்ஷனில் இப்படி இன்னொரு மூக்கைக் காட்டுங்கள் பார்ப்போம். அந்த மூக்கைத் தந்தது இந்த வாளிதான். ஊர்த்துணி வெளுத்த என் அம்மை சாயங்காலம் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்குவாள். எல்லா வீட்டுக் குழம்பும் இதற்குள் ஒன்றாகக் கிடக்கும். இதை நான் வெகுகாலம் யாரிடமும் சொன்னதில்லை. சமையல்காரப் பரம்பரை என்று அளந்து வைத்திருந்தேன். தெரிந்தால் எவன் என் கடையில் கை நனைப்பான்?

தொண்ணூறுகளில், சாதிச் சண்டை புகைந்துகொண்டிருந்த நாட்கள். பாளையங்கோட்டையில் ஞாயிறுதோறும் பழைய நீதிநூல் வாசிக்கும் கூட்டத்துக்கு வடையும் காப்பியும் என் கடையிலிருந்துதான் போகும். முன்வரிசையில் நானும் இருப்பேன். அன்று விருந்தோம்பல் பாடல்கள். தலைவர் எங்கள் ஊர்ப் பண்ணை வீட்டுக்காரர். என்னை அடையாளம் தெரியாதவர். "துணி வெளுக்கவளுக்குச் சோறு போடாம எங்க வீட்டுல யாரும் சாப்பிட்டதில்ல. அதைத்தான் இந்தப் பாட்டும் சொல்லுது" என்றார்.

பின்வரிசையில் இருந்து ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் எழுந்தார். "எந்த வாசல்ல வச்சுப் போட்டிய? வாங்கித் தின்னவ நின்ன இடத்துல இருந்து இந்தப் பாட்டைப் படிச்சுப் பாருங்க. எங்க அம்மை புறவாசல்ல நின்னவ."

"எங்க ஊர்ல அப்படிக் கிடையாது. பொய் சொல்லுததுன்னா இனி இங்கன வராதீய" என்ற தலைவர், என் பக்கம் திரும்பினார். "பரம்பரைச் சமையக்காரரு இருக்காருல்லா. விருந்துன்னா என்னன்னு நீரே சொல்லும் வே!"

டீச்சரம்மா பையை எடுத்துக்கொண்டார். நான் தலையாட்டினால் போதும், அவர் வெளியே. என் கடை பத்திரம். ஆனால் என் மூக்கை யாரும் பொய்யாக்க விடமாட்டேன்.

"உங்க வீட்டு ரசத்துல வெந்தயம் தூக்கலா இருக்கும். புறவாசல், முருங்கை மரத்தடி. எங்க அம்மை வாளியில கரண்டி படாம உசரத்துல இருந்து ஊத்துவாக. எங் கையில தெறிச்சிருக்கு" என்றேன் தலைவரிடம்.

அன்று வடையை யாரும் தொடவில்லை. டீச்சரம்மா மட்டும் ஒன்றை எடுத்துத் தின்றார். பிறகு பைய என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, உங்க கடையில எச்சில் இலை எடுக்கவ எங்கன நின்னு சாப்பிடுதா?"

மறுநாள் காலையில் கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

கூட்டத்துக்கு வடை போவது நின்றது. சில வாடிக்கைக்காரர்களும் நின்றார்கள். கடை நிற்கவில்லை, என் கைப்பக்குவம் அப்படி. டீச்சரம்மா இன்று இல்லை. இலை எடுக்கிற பெண்கள் முன்கூடத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பின்சுவரில் வாளி தொங்குகிற இடத்தில் மட்டும் பூச்சு வேறு நிறமாகத் தெரியும். என் கடையின் புறவாசல் அங்கேதான் இருந்தது.