மாப்பிள்ளை திரும்பக் கூடாது

போன ஞாயிற்றுக்கிழமை திருக்கோகர்ணத்தில் என் தங்கை வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். கையில் பருப்பு மத்து. சுவரில் கரியால் போட்ட ஒரு வட்டத்தை நோக்கி அதை நீட்டியபடி, மூச்சுக்கூட விடாமல்...

"வாங்க" என்று ஒரு வார்த்தை இல்லை. என்ன கோபமோ? தங்கை வள்ளி, பேசாமல் உட்காரும்படி ஜாடை காட்டினாள்.

மாப்பிள்ளை போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். வருஷா வருஷம் ரிவால்வர் பரீட்சை உண்டு. ஆறு தோட்டாவில் ஒரு செத்த தோட்டாவை அதிகாரி கலந்துவிடுவார். எது என்று சுடுகிறவருக்குத் தெரியாது. விசையை இழுத்தால் 'க்ளிக்' — வெடிக்காது. அப்போது துப்பாக்கியைக் குறியிலிருந்து அசைக்காமல் முப்பது எண்ண வேண்டும். தாமதமாக வெடித்துத் தொலைத்தால்? எண்ணி முடித்த பிறகுதான் திறந்து எடுக்கலாம்.

மாப்பிள்ளைக்குக் குறி பிசகாது. ஆனால் போன மாதம் திருவரங்குளம் பக்கத்துப் பொட்டலில், 'க்ளிக்' என்றதும் பின்னாலிருந்து அதிகாரி என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார். பெரியவர் கேட்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு பதில் சொல்லலாமா? நம் ஊரில் வளர்ந்த யாரால் முடியும்? இவர் பணிவாக முழு உடம்போடு திரும்பி, "ஒண்ணுமில்லீங்கய்யா" என்றாராம். ரிவால்வரும் கூடவே திரும்பியது. அதிகாரி உட்பட அத்தனை பேரும் குப்புறப் படுத்துவிட்டார்கள்.

இன்னொரு தடவை தவறினால் ஸ்டேஷன் கிடையாது. ஆபீஸில் உட்கார்ந்து பைல் கட்ட வேண்டியதுதான். கான்ஸ்டபிளாக வருஷக்கணக்கில் நடையாய் நடந்து எட்டிய பதவி... மனுஷர் சரியாகச் சாப்பிடவே இல்லை.

வள்ளிதான் பயிற்சியை ஆரம்பித்தாள். வாயால் 'க்ளிக்' என்பாள். பின்னால் நின்று கூப்பிடுவாள், காபி ஆறுகிறது என்பாள், பாத்திரத்தை உருட்டுவாள். இவர் திரும்பக் கூடாது. முதல் நாள் பதினோரு தடவை திரும்பினாராம்!

நான் போன அன்றைக்கும் முப்பது எண்ணிய பிறகுதான் மத்தை இறக்கினார். "வாங்க மச்சான். கோவிச்சுக்காதீங்க" என்றார். கோபமாவது ஒன்றாவது. எனக்கு அவர்மேல் பாசம்தான் பொங்கியது.

வியாழக்கிழமை மறுபரீட்சை. நானும் போய்த் தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்றேன். மூன்று வெடித்தன. நாலாவது — க்ளிக். அதிகாரி வேண்டுமென்றே பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார், அதட்டலாக. மாப்பிள்ளை அசையவில்லை. சட்டை முதுகு மட்டும் வியர்வையில் நனைந்துகொண்டே வந்தது. முப்பது எண்ணினார், திறந்தார், எடுத்தார், மிச்சத்தைச் சுட்டார். பாஸ்!

சாயங்காலம் வள்ளி கேசரி கிண்டினாள். பரிமாறிக்கொண்டே, அவ்வளவு பெரிய ஐயா கூப்பிட்டும் திரும்பாமல் நிற்பது கஷ்டமாக இல்லையா என்று கேட்டாள்.

மாப்பிள்ளை தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "அது ஒண்ணும் கஷ்டமில்ல. இங்கிட்டு நீ கூப்பிடக் கூப்பிட, காது கேக்காத மாதிரி நின்னேன் பாரு... அதுதான் தாங்க முடியல."

வள்ளி அவருக்கு இன்னொரு கரண்டி வைத்தாள். எனக்கு வைக்க மறந்துவிட்டாள்.

நானோ கல்யாணமான நாளிலிருந்து, ஒரு பயிற்சியும் இல்லாமலே திரும்பாமல் இருந்து வருகிறேன். இதை எழுதும்போதுகூட அடுப்படியிலிருந்து ஒரு குரல்... கொஞ்சம் இருங்கள், என்னவென்று கேட்டுவிட்டு வருகிறேன்.