ஐரோப்பிய நோயாளியின் விடுதலையும் என் ரிலீஸும்

ஐரோப்பாவில் ஒரு நோயாளி தன் டாக்டரைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று துபாயில் உட்கார்ந்து எழுதுவதும் ஒரு பிழைப்புதான். இரண்டாயிரங்களின் நடுவில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். "கல்ஃப்ல என்ன வேலை?" என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாமல் தவிக்கும் சக பாவப்பட்டவர்களே, இது உங்களுக்காக. எலெக்ட்ரீஷியன் என்றால் ஊரில் புரிகிறது. அக்கவுண்டன்ட் என்றால் பெண்ணே கொடுக்கிறார்கள். கொள்கை ஆராய்ச்சி என்று சொன்னால் மட்டும் குரலைத் தாழ்த்தி, "சம்பளம் ஒழுங்கா வருதா?" என்கிறார்கள்.

எங்கள் நிறுவனத்துக்குத் தலைமையகம் ஐரோப்பாவில். மருத்துவம், மின்சாரம், காப்புரிமை ஆகிய மூன்றைப் பற்றியும் அறிக்கை வெளியிடுவோம். எங்கே ஆரம்பித்தாலும், "அரசாங்கம் ஒதுங்கிக்கொண்டு மக்களை அவர்கள் விருப்பப்படி தேர்ந்தெடுக்க விட வேண்டும்" என்றுதான் முடிப்போம். அங்கேயே ஆள் வைத்து எழுதினால் கட்டுப்படியாகாது என்று, எழுதுகிற பிரிவை மட்டும் துபாய்க்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சந்தைப் போட்டியின் மகிமைக்கு நாங்களே சாட்சி.

இரும்பு அலமாரி

எங்கள் டைரக்டர் ஆங்கிலேயர். முதுகுக்குப் பின்னால் அவரை 'துரை' என்போம். நல்ல மனிதர், யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. நான் சேர்ந்த அன்று எதிரே உட்காரவைத்து, சுதந்திரத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். "மனிதனைக் கட்டிப்போட்டால் அவன் சோம்பேறி ஆகிறான், கட்டிப்போட்டவன் திமிர் பிடித்தவன் ஆகிறான்" என்றார். மதுரையில் எம்.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு டுடோரியலில் காய்ந்துகொண்டிருந்த எனக்குப் புல்லரித்துவிட்டது.

புல்லரிப்பு அடங்காமலே வெளியே வந்தேன். விசா, லேபர் கார்டு வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ. பஷீர் வாசலில் நின்றிருந்தார். மலப்புறத்துக்காரர். என் பாஸ்போர்ட்டை வாங்கி இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். என் முகம் போன போக்கைப் பார்த்து அன்பாகச் சொன்னார்: "பேடிக்க வேண்டா சாரே, அது நிங்கள விட பத்திரமா இருக்கும்."

துரையின் மாத்திரை

காப்புரிமை அறிக்கைக்கு நான்தான் முடிவுரை எழுதினேன். ஒருவர் கண்டுபிடித்த மருந்தை இன்னொருவர் மலிவாகக் காப்பியடித்தால் நாளைக்குப் புது மருந்தே வராது, மனித குலம் அழியும் என்கிற அளவுக்குப் போயிருந்தேன். அதே வாரம் எனக்கு லீவு. துரை என் மேசைக்கு வந்து, கொலஸ்ட்ரால் மாத்திரையின் காலி அட்டை ஒன்றை நீட்டினார். இதே சரக்கு எங்கள் ஊரில் வேறு பெயரில், கொஞ்ச விலைக்குக் கிடைக்கிறதாமே என்று விசாரித்தார்.

லீவு முடிந்து வருகிறவர்கள் பெட்டி நிறைய இட்லிப்பொடியும் முறுக்கும் கொண்டுவருவார்கள். என் பெட்டியில் பாதி துரையின் இதயம்தான். கொடுக்கும்போது, "சார், நம் முடிவுரை..." என்று மெல்ல இழுத்தேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "கொள்கை ஐரோப்பாவுக்கு; கொலஸ்ட்ரால் எனக்கு."

ருவைஸ் மாப்பிள்ளை

மின்சார அறிக்கை எழுதிக்கொண்டிருந்த சமயம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிடலாமே என்று ருவைஸ் என்கிற ஆலை ஊருக்கு ஒரு வெள்ளிக்கிழமை போனேன். என் மனைவி மாலதியின் சித்தப்பா மகன் சேகர் அங்கே பிளான்ட்டில் ஆபரேட்டர். புதுக்கோட்டைக்காரன். கோழிக்குழம்பு வைத்துப் போட்டபடியே, என்ன எழுதுகிறேன் என்று கேட்டான். ஐரோப்பாவில் ஒரு வீட்டுக்காரருக்குக் கரண்ட் கம்பெனி பிடிக்கவில்லையென்றால் உடனே வேறு கம்பெனிக்கு மாறும் உரிமை வேண்டும் என்று எழுதுகிறேன் என்றேன்.

எனக்கு அப்போது துபாய் கராமாவில் பேச்சிலர் ரூம். ஃபேமிலி விசாவுக்கு என் சம்பளம் பத்தாது. மாலதியும் மகளும் மதுரையில் இருந்தார்கள். சேகரின் கம்பெனியில் திட்டப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள், ஃபேமிலி குவார்ட்டர்ஸ் உண்டு, நடந்து போகிற தூரத்தில் ஸ்கூல். இதையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல எனக்குக் குழம்பு இறங்கவில்லை. "ஐரோப்பாக்காரன் கம்பெனிய மாத்துறது இருக்கட்டும் மச்சான், மொதல்ல நீங்க மாத்துங்க."

கரைய வேண்டிய இடம்

இன்டர்வியூவில் தேறிவிட்டேன். இனித் தேவை துரையின் ரிலீஸ் மட்டும்தான். 'இவர் எங்களை விட்டுப் போவதில் ஆட்சேபணை இல்லை' என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் ராஜினாமா செய்தால் வேறு வேலையில் சேரத் தடை விழும், மாதக்கணக்கில் ஊரில் உட்கார வேண்டும். ருவைஸ்காரர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். மாலதி ஏற்கெனவே மகளின் ஸ்கூலில் டி.சி.க்குச் சொல்லிவைத்துவிட்டாள்.

பஷீர் வழி சொல்லிக்கொடுத்தார். "சாரே, அவிட போயி கரையணும். குட்டி அப்பாவக் கேட்டு அழுதுன்னு பறயணும். வாதிக்கக் கூடாது." ரிலீஸ் வாங்கிய எல்லோரும் அப்படிக் கரைந்து, அதாவது அழுது, வாங்கியவர்கள்தான். சொன்னால் அது பொய்யும் இல்லை, மகள் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். ஆனால் நான் படித்தவன் அல்லவா? கெஞ்ச மானம் இடம் கொடுக்கவில்லை. எங்கள் அறிக்கைகளின் பாணியிலேயே துரைக்கு ஒரு பக்கம் எழுதினேன். 'விட்டுப் போக முடியாதவனை யாரும் மதிப்பதில்லை. போகலாம் என்று இருந்தும் தங்குகிறவன்தான் உண்மையில் தங்குகிறான்' என்று ஆரம்பித்து, தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளிக்கும் பொருந்தும் என்று முடித்தேன்.

துரை பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு படித்தார். ஓர் இடத்தில் காற்புள்ளி போட்டார். 'தொழிலாளி' என்பதையெல்லாம் அடித்து 'நோயாளி' என்று மாற்றினார். மருத்துவ அறிக்கைக்கு இதுவே முதல் அத்தியாயம் என்றார். அவர் கண்களில் நிஜமான மகிழ்ச்சி. "சார், என் ரிலீஸ்?" என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். "இவ்வளவு அழகாக வாதாடுகிறவனை நான் எப்படி விடுவேன்?"

கைதட்டல்

அறிக்கை வெளிவந்தது. அதற்குப் பண உதவி செய்த ஐரோப்பியக் காப்பீட்டுக்காரர் துபாய் வந்தபோது ஹோட்டலில் விருந்து கொடுத்தார்கள். அவர் எழுந்து நின்று என் முதல் வரியை மனப்பாடமாகச் சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். ருவைஸ் வேலைக்கு வேறு ஆள் சேர்ந்துவிட்டதாகச் சேகர் போன் செய்தது அன்று காலையில்தான். நான் சாப்பாடு பக்கமே போகவில்லை. விருந்தாளி என்னைத் தேடி வந்து கை குலுக்கினார். "டாக்டரை மாற்ற முடியாமல் நீங்களும் ரொம்ப அவதிப்பட்டிருக்கிறீர்கள், படித்தாலே தெரிகிறது!"

மதுரைக்கு ஒரு போன்

வேலை கைநழுவியதை மாலதியிடம் சொன்னேன். டி.சி. வேண்டாமென்று ஸ்கூலில் போய்ச் சொல்லணும் என்றாள், அவ்வளவுதான். அதைத் தாங்க முடியாமல் நான் பேச்சை மாற்றி, அறிக்கை, கைதட்டல், ஐரோப்பிய நோயாளிகளுக்கு நான் வாதாடிய உரிமை என்று அளந்துகொண்டே போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அந்த ஊர்க்காரங்களுக்கெல்லாம் கேட்டுக் கொடுத்தீங்கள்ல, அடுத்த தடவ அதுல கொஞ்சம் நமக்கும் கேளுங்க."

ஐரோப்பிய நோயாளி என்றைக்கு விடுதலையானாரோ தெரியாது, எனக்கு ரிலீஸ் கிடைத்தது துரைக்கே வேறு நல்ல வேலை கிடைத்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் விமானம் ஏறிய பிறகுதான்.