மாப்பிள்ளையை அவுட்டாக்க முடியாத இறுதிப்போட்டி

எங்கள் கரையில் கலியாணம் முடித்தால் வீடு மாறுவது ஆண்தான். பெண் தன் உம்மா வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவார். இந்த வழக்கத்தால் கல்முனைப் பக்கத்துக் கிரிக்கெட் கழகங்கள் படும் பாட்டை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. ஒரு வேகப்பந்து வீச்சாளரைச் சிறு வயதிலிருந்து வளர்த்தெடுப்போம். பக்கத்துத் தெருவில் ஒரு நிக்காஹ் நடக்கும். அடுத்த தொடரில் அவர் எங்களுக்கு எதிராகவே பந்து வீசுவார்.

அப்படிப் போகவிருந்தவர் என் அண்ணன், எங்கள் பேச்சில் நானா. பெண், கடற்கரைத் தெரு. ஒவ்வொரு தொடரிலும் கோப்பையை எடுத்துக்கொண்டு போகும் அதே தெரு. நானாவுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது.

"பெட்டியக் கட்டிக்கொண்டு போறத்துக்கு முந்தி, ஒரு தரமாவது அந்தக் கப்ப எங்கட உம்மாட வீட்ட கொண்டு வெச்சிட்டுப் போகணும்" என்றார். வரப்போகும் பெண்ணைப் பற்றிக்கூட அவர் இவ்வளவு உருக்கமாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

தொடருக்கு அட்டவணை போடுவது என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்துப் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. "படிச்ச புள்ள, நீதான் இதச் செய்யணும்" என்று ஓட்டோ ஓட்டும் எங்கள் கேப்டன் வந்து கேட்டபோது, நாட்டின் வரவு செலவுத் திட்டத்தையே கையில் தந்ததுபோல வாங்கிக்கொண்டேன்.

அட்டவணை அழகாகத்தான் இருந்தது. நிறம் நிறமாகக் கட்டம் போட்டிருந்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை. சனிக்கிழமை யாருக்காவது கலியாணம். சம்மாந்துறை அணி அறுவடை முடியும்வரை வராது. பாண்டிருப்பு அணியில் பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள். மீன் பட்டால் விற்க வேண்டும் என்று வரமாட்டார்கள், படாவிட்டால் மனம் சரியில்லை என்று வரமாட்டார்கள். இவற்றையெல்லாம் தாண்டி ஒரு நாளைப் பிடித்தால் மழை பெய்து மைதானத்தில் கொக்கு நிற்கும். நானாவின் கலியாணத்துக்கு வெகு முன்னால் நான் போட்ட இறுதிப்போட்டி நகர்ந்து நகர்ந்து, கலியாணத்துக்கு மறுநாளில் போய் நின்றது. அதுவும் எங்களுக்கும் கடற்கரைத் தெருவுக்கும்.

உடனே கடற்கரைத் தெருக் கேப்டன் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். அவர் மணப்பெண்ணின் அண்ணன், அதாவது நானாவுக்கு மச்சான் ஆகப்போகிறவர்.

"தங்கச்சி, மனிசன் எங்க உறங்குறானோ அந்தத் தெருவுக்குத்தான் ஆடணும். அதுதானே ஞாயம்?"

"தொடக்கத்தில எந்தக் கழகத்தில பதிஞ்சாரோ, முடியும்வரைக்கும் அந்தக் கழகம்தான். விதி அப்படித்தான் இருக்கு" என்றேன்.

"அந்த விதிய ஆர் எழுதின?"

"நான்தான்."

அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். படிப்பின் பயனை நான் அவ்வளவு தெளிவாக உணர்ந்த நாள் வேறு இல்லை.

எங்கள் கோச் கட்டாரில் வேலை செய்கிறார். பயிற்சியெல்லாம் வாட்ஸ்அப் குரல் பதிவில்தான். பின்னால் லொறி போகும் சத்தத்தில், "முழங்கைய மடக்காதீங்கடா" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுவார். யாருடைய முழங்கை என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. போட்டியன்று காலையில் அவரிடமிருந்து நீண்ட பதிவு ஒன்று வந்தது.

"டேய், நல்லாக் கேளுங்க. புது மாப்பிள்ளைய அந்தத் தெருவில எவன்டா அவுட்டாக்குவான்? போலர் அவன்ட மச்சான். கீப்பர் பொண்டாட்டிர சாச்சாட மகன். அவன முதல் ஆளா இறக்குங்க. கடைசிப் பந்து வரைக்கும் நிப்பான்!"

கேப்டன் அந்தப் பதிவை எல்லோருக்கும் இரண்டு தரம் போட்டுக் காட்டினார். எனக்கும் அது பெரிய மூளையாகத்தான் பட்டது. நானா எப்போதும் கடைசியாக இறங்குகிறவர் என்பதையும், அவருடைய மட்டையும் பந்தும் பெருநாளைக்குப் பெருநாள்தான் சந்தித்துக்கொள்ளும் என்பதையும் யாரும் யோசிக்கவில்லை.

போதாததற்கு, காரைதீவில் இருந்து வரவேண்டிய அம்பயருக்குக் கோயில் திருவிழா. இரண்டு தெருவிலும் சம்பந்தம் இல்லாத ஒரே மனிதர் அவர்தான். அவருக்குப் பதிலாக ஒரு பக்கத்தில் எங்கள் கேப்டனின் வாப்பா நின்றார். மறு பக்கத்தில் வெள்ளைத் தொப்பி வைத்திருந்த ஒரே காரணத்தால் மணப்பெண்ணின் மாமா.

நானா முகத்தில் முதல்நாள் பூசிய மினுக்கத்தோடு இறங்கினார். மைதானத்து மதிலுக்கு மேலால் அவருடைய மாமியார் தலையை நீட்டி, பந்து போட வந்த தன் மகனைப் பார்த்து, "டேய், மாப்பிள்ளைக்குப் பந்து பட்டா உனக்கு வீட்ட சோறு இல்ல!" என்று கத்தினார்.

மச்சான் பந்தைப் போடவில்லை, பரிமாறினார். நானா ஓங்கி வீசினார். காற்றுக்கு மட்டும் பட்டது. அடுத்ததும் அப்படியே. ஒரு பந்து எப்படியோ மட்டையின் விளிம்பில் பட்டு மேலே போய், பழுத்த மாங்காய்போல மச்சானின் கைக்கே வந்தது. மச்சான் அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "சொறி மச்சான்" என்றார். இன்னொன்று நேராக ஸ்டம்பில் போய்ப் பட்டது. அம்பயர் மாமா கையை நீட்டி, "நோ போல்" என்றார். பந்து போட்டவன் கால் கோட்டுக்கு ஒரு முழம் பின்னால் இருந்தது.

நாங்கள் முதலில் கைதட்டினோம். ஓவர்கள் போகப் போகக் கைதட்டு குறைந்தது. மறுமுனையில் நின்ற எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக அவசரப்பட்டு அவுட்டாகி வந்தார்கள். நானா மட்டும் பள்ளிவாசல் மினாரா போல நின்றார். ஓட்டம்தான் ஏறவில்லை.

மச்சான் கெட்டிக்காரர். பாதியில் அவருக்கு விளங்கிவிட்டது. தன் ஆட்களைக் கூப்பிட்டு அவர் சொன்னது நான் இருந்த மேசை வரைக்கும் கேட்டது. "எவனும் இவர அவுட்டாக்கப்படா. மரியாதை, மரியாதை!" அதுவரை மரியாதைக்காக விட்டவர்கள், அதற்குப் பிறகு கோப்பைக்காக மரியாதை செய்தார்கள்.

நானாவுக்கும் விளங்கியது. தானே ஓடிப்போய் நடுவில் நின்றார், ரன் அவுட் ஆகட்டும் என்று. பந்தைக் கையில் வைத்திருந்த கீப்பர், "ஆறுதலா வாங்க மச்சான்" என்று காத்திருந்தார். கடைசியில் நானா மட்டையால் தன் ஸ்டம்பைத் தானே தட்டி விழுத்தினார்.

"காத்து" என்றார் அம்பயர் மாமா.

எங்கள் கேப்டன் என் மேசைக்கு ஓடி வந்தார். "புள்ள, படிச்ச புள்ள, இவன வெளியில எடுக்க ஒரு விதி இல்லையா?"

இருந்தது. துடுப்பாட்ட வீரர் தானாகவே விலகிக்கொள்ளலாம் என்றேன். கேப்டன் இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிட, நானா மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்த தலையோடு நடக்கத் தொடங்கினார்.

விதி சரிதான். ஆனால் புது மாப்பிள்ளை பெண்வீட்டார் முன்னால் குனிந்த தலையோடு எழும்பிப் போனால், எங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர்.

"யா அல்லாஹ், மாப்பிள்ளை கோவிச்சுக்கொண்டு போறார்!" என்று மதிலுக்கு மேலால் மாமியார் அலறினார்.

அம்பயர் மாமா தொப்பி கழன்று விழ விழ ஓடி வந்து நானாவின் கையைப் பிடித்தார். "என்ன குறை மனே? சாப்பாட்டில குறையா? எவன் உங்களக் கதைச்ச?" மச்சான் சோடாவோடு வந்தார். மாமனார் மோட்டார் சைக்கிளில் பிட்சுக்கே வந்துவிட்டார்.

"கோவமில்ல மாமா. விதிப்படி..." என்று நானா தொடங்கினார்.

"விதியெல்லாம் பொறகு பாப்பம். நீங்க நில்லுங்க."

நான்கு பேர் சேர்ந்து அவரைக் கொண்டுபோய்த் திரும்ப நிறுத்தினார்கள். அவர் கடைசிப் பந்து வரைக்கும் நின்றார். கோச் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. எங்கள் மொத்த ஓட்டத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை, எழுதினேன்.

பந்து வீசும்போதாவது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். நானா ஓடி வந்த முதல் பந்தே மச்சானின் காலில் ஸ்டம்புக்கு நேராகப் பட்டது. மைதானமே கத்தியது. அம்பயர் மாமா வானத்தைப் பார்த்தார். பிறகு நானாவின் தோளில் கையைப் போட்டு, "மாப்பிள்ளை, இத வீட்ட போய்க் கதைப்பம்" என்றார். அடுத்த ஓவருக்குள் பெண்வீட்டு நெய்ச்சோறும் வட்டிலப்பமும் தங்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து பந்து போட்டார். போட்டி அஸர் தொழுகைக்கு முன்னமே முடிந்துவிட்டது. கட்டாரிலிருந்து, "வெண்டுட்டமா?" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. யாரும் திறக்கவில்லை.

நானா தோற்றவர்களோடு உட்கார்ந்து அழுது தீர்க்கவும் வழியில்லை. வென்றவர்களின் ஓட்டோவில், கோப்பைக்குப் பக்கத்திலேயே அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த கிழமை பெண்வீட்டார் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். முறைப்படி தட்டுத் தட்டாகப் பலகாரம் வந்தது. நடுவில் உயரமான ஒன்றைத் துணியால் மூடி மச்சானே தூக்கி வந்தார். உம்மா துணியை எடுத்தார். கோப்பை. அதற்குள் தொதல் துண்டுகள்.

"நானாட மனம் நோகாம இருக்கட்டும் எண்டு உங்கட மதினிதான் குடுத்தனுப்பின. போகக்குள்ள எடுத்துக்கொண்டு போறம்" என்று மச்சான் என்னிடம் மெதுவாகச் சொன்னார். நானா அதைக் கூடத்து மேசையில் வைத்து, முன்னாலும் பின்னாலும் நின்று பார்த்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு வந்த விருந்தாளி அது, அவருக்கும் தெரியும்.

சாப்பிட்டு முடிந்து புறப்படும்போது மச்சான் கோப்பைக்குக் கையை நீட்டினார். உம்மா முந்திக்கொண்டார்.

"என்ன மகன் இது? பலகாரம் வந்த ஏனத்த வெறுமையாக் குடுத்தனுப்புற பழக்கம் எங்கட வீட்ட இல்ல. நான் ஏதாவது செஞ்சு, அதில போட்டு அனுப்புறன்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் அட்டவணை போடுகிறவள். ஏனத்துக்கு விதி என்னிடம் இல்லை. அவர் வெறுங்கையோடு போனார்.

இது நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. ஒருநாள் உம்மாவுக்குத் தேங்காய் கிடைக்கவில்லை, ஒருநாள் மா இடிக்கவில்லை, ஒருநாள் கை வலி. வெள்ளிக்கிழமைகளில் நானா மதினியோடு வந்து சோறு தின்றுவிட்டு, கோப்பையை ஒரு துணியால் துடைத்துவிட்டுப் போகிறார். நேற்று மச்சான் போன் எடுத்தார். அடுத்த தொடருக்குக் கோப்பை வேண்டுமாம், திகதி போட்டாச்சா என்று கேட்டார். உம்மாவிடம் போய் எப்போது பலகாரம் செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அவசரத்தில செஞ்சா தொதல் பதத்துக்கு வராது புள்ள" என்றார்.

அட்டவணையில் இறுதிப்போட்டித் திகதிக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.