ஆபீஸ் கானைத் தாவிய நாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு முன்னால் ஒரு கான் ஓடும். மழைத் தண்ணீர் போவதற்கு வெட்டிய வடிகால்தான், ஒன்றரை கெஜ அகலம் இருக்கும். தோட்டத்தை நடத்தும் தொரையும் கணக்கெழுதும் கிளாக்கர்மாரும் நடக்க அதன்மேல் ஒரு பலகை போட்டிருந்தார்கள். தோட்டத்து ஆட்கள் யாராக இருந்தாலும் கானுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பேசவேண்டும். அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் இருபது வருஷம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய அப்பா ஒருநாள்கூட அந்தப் பலகையை மிதித்ததில்லை.

எனக்குப் பதினெட்டு வயதானபோது, தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு ஒரு உதவி டீச்சர் தேவைப்பட்டது. கந்தப்பளைப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது முடித்துவிட்டுக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நான் மனுப் போட்டேன். கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் கூடைதான். ஆனால் கிடைக்கும் என்றே நினைத்தேன். அந்த வயதில் எனக்குத் தலைக்கனம் அதிகம், இப்போதும் குறைந்துவிடவில்லை.

தொரை வெள்ளைக்காரர். என்னைச் சோதித்துப் பார்க்க வரச்சொன்ன அன்று, ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து ஒரு ஆங்கில வாசிப்புப் புத்தகத்தைப் புரட்டினார். நான் கானுக்கு இந்தப் பக்கம் நின்றேன். எனக்குப் பின்னால் அப்பா, கம்பளியை மடித்துக் கக்கத்தில் வைத்தபடி.

"ஜம்ப், ஹொப், ஸ்கிப், லீப். நாலுக்கும் என்னா அர்த்தம், சொல்லு" என்றார் தொரை, தனக்குத் தெரிந்த தமிழில்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரிய கிளாக்கர் முந்திக்கொண்டார். "எல்லாம் குதிக்கிறதுதானுங்க தொரை. இதுங்களுக்கு எல்லாம் ஒன்னுதான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒன்னு இல்லைங்க தொரை. ஜம்ப்னா குதிக்கிறது" என்று இரண்டு காலையும் சேர்த்து எழும்பிக் காட்டினேன். ஹொப் என்றால் ஒற்றைக் காலில் நொண்டியடிப்பது. எங்கள் லயத்து வீட்டு வாசலில் பாண்டி ஆடிய எனக்கு அதையுமா ஒருவர் சொல்லித்தர வேண்டும்? ஸ்கிப் என்றால் துள்ளித் துள்ளிப் போவது, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிற மாதிரி. பாவாடை தாவணியோடு அதையும் செய்து காட்டினேன்.

"போதும் புள்ள" என்று அப்பா பின்னாலிருந்து முனகினார்.

"லீப்?" என்றார் தொரை.

லீப் என்றால் தாவுவது. ஓடிவந்து, இருக்கிற இடத்தை விட்டுத் தள்ளி இன்னொரு இடத்தில் போய் இறங்கவேண்டும். தாண்டுவதற்கு ஏதாவது இருந்தால்தான் அதைச் சரியாகக் காட்டமுடியும். அங்கே இருந்தது அந்தக் கான் மட்டும்தான். ஒரு நொடி பயந்தேன், பொய் சொல்லமாட்டேன். பிறகு ஏழெட்டு அடி பின்னால் போய், தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிவந்து தாவினேன்.

வராந்தாப் படியருகில் போய் இறங்கினேன். பெரிய கிளாக்கர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து அப்பா கும்பிட்டார். "தொரைங்க மன்னிக்கணும். ஏதோ தெரியாம பண்ணிட்டா."

தெரிந்துதான் பண்ணினேன். தொரைக்கும் அது புரிந்திருக்கும். சேறு அப்பிய என் காலைப் பார்த்தார், சிரித்தார், புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார். "நாளைக்கு பெரட்டுக்கு போவாதே, கொழுந்து எடுக்க வேணாம். ஸ்கூலுக்கு போ."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பலகையைக் காட்டி, "அப்பா, இங்க வாங்கப்பா" என்று கத்தினேன். தொரை பார்த்துக்கொண்டுதான் இருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பா பலகையைப் பார்த்தார். கம்பளியை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்க பேசிட்டு வாங்க டீச்சர். நான் இங்கனயே நிக்கிறேன்" என்றார்.

பிறந்ததிலிருந்து என்னை 'ஏ புள்ள' என்று மட்டுமே கூப்பிட்டவர் அவர். வேலை கிடைத்த சந்தோஷம் எனக்கு இன்னும் இருக்கிறது. அப்பா தந்த அந்த மரியாதையைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.