தொட்டிக்குள் மாமாவின் மங்கு

மாமனாரின் சாம்பலைக் கரைக்கப் போன கடலிலேயே மீன் தொட்டிக்குத் தண்ணீர் பிடித்துவந்த மடையன், பேராக் மாநிலம் முழுக்கத் தேடினாலும் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்ட வேண்டாம். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வருகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். என்ன, டீயை இப்போது கொஞ்சம் வேகமாகக் குடிக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஈப்போவில் வரிசை வீடு, நானும் மனைவி சரோஜாவும் வேலைக்குப் போகிறவர்கள். சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, அங்கே பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அவளுடைய அப்பாவை எங்களோடு கூட்டிவந்தோம். மாமா கையோடு கொண்டுவந்தது ஒரு மங்கு, மரத்தில் பால் பிடிக்கிற பீங்கான் கிண்ணம். ஆள் வழி தெரியாமல் பெரிய ரோட்டுக்குப் போய்விடுவார் என்று பயந்து, காலையில் வாசல் கம்பிக்கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் நாங்கள் கிளம்புவோம். சாயங்காலம் திரும்பும்போது முச்சந்தியிலேயே கேட்கும், மங்கால் கம்பியைத் தட்டிக்கொண்டிருப்பார். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, ஒரு தட்டு. "தோட்டத்துல காடு பூரா நடந்தவன் மாப்பிள்ள, இங்க கம்பிக்குள்ள கெடக்கேன்" என்பார். நான் ஏதாவது ஜோக் சொல்லிச் சமாளிப்பேன். ஒரு மழைக்காலத்தில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார்.

எனக்கு அப்போது உப்புத்தண்ணீர் மீன் பைத்தியம் முற்றியிருந்தது. கண்ணாடித் தொட்டி வாங்கியாயிற்று, பவள மணல் கழுவிப் பரப்பியாயிற்று, பங்கோரிலிருந்து ஒரு மீன்காரர் பாறைகூடக் கொடுத்திருந்தார். கடல் தண்ணீர்தான் பாக்கி. ஈப்போவில் கடலுக்கு எங்கே போவது? அந்த நேரம் பார்த்து அஸ்தி கரைக்க லுமுட் கடற்கரைக்கு வேன் போகிறது. வருகிற வேன் சும்மாதானே வரும் என்று ஒரு புத்தி. சீட்டுக்கு அடியில் காலி எண்ணெய் டின்களைப் போட்டுவிட்டேன்.

கரைத்து முடிந்ததும் சரோஜா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "திரும்பிப் பாக்காம வாங்க, என்ன. அப்பா நிம்மதியா போகட்டும்." எல்லாரும் அப்படியே நடந்தார்கள். நான் ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனேன். பார்த்ததோடு நின்றேனா, முழங்கால் வரை இறங்கி டின்களை நிரப்பினேன். வீட்டில் கேட்டபோது பாகான் டத்தோவிலிருந்து நண்பன் கொண்டுவந்தான் என்றேன். அந்தப் பக்கத்துக் கடல் தேத்தண்ணீர் நிறத்தில் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? டின்னிலிருந்த தெளிந்த தண்ணீரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

தொட்டி அமைந்துவிட்டது. பூப்போல விரியும் கடல் சாமந்தி, ஒரு ஜோடி கோமாளி மீன். மீன் ஒளிந்துகொள்ள இடம் வேண்டுமே என்று மாமாவின் மங்கைப் பாறையோரம் சாய்த்து வைத்தேன். நம்பினால் நம்புங்கள், ஒரு மீன்கூட அதன் பக்கம் போனதில்லை.

ஒருநாள் காய்ச்சல் என்று டாக்டரிடம் எம்சி வாங்கி லீவு போட்டுவிட்டு வீட்டில் படுத்திருந்தேன். சரோஜா பழக்கதோஷத்தில் கம்பிக்கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அதனால் என்ன, இன்னொரு சாவி ஆணியில் தொங்குகிறது. மத்தியானம் வானம் இருண்டு மழை கொட்டியது, கரண்டு போனது, ஏர் பம்பு நின்றது. காற்று நின்றால் உப்புத்தண்ணீர் மீன் அதிக நேரம் தாங்காது. குவளையில் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். கை ஓய்ந்தது. தூண்டில் கடையில் உயிர் இறாலுக்கு வைக்கிற பேட்டரி பம்பு இருக்கும், ஓடிப்போய் வாங்கிவரலாம் என்று சாவியை எடுத்துக்கொண்டு, கம்பிக்கு வெளியே கையை விட்டுப் பூட்டில் நுழைத்தேன். சாவி திரும்பவில்லை. பூட்டு முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஈரக்கையோடு பூட்டுகிறவன் நான்தானே, என் வேலைதான் இது என்று நினைத்துக்கொண்டேன். எதிர்வீட்டைக் கூப்பிட்டேன், மழையில் யாருக்குக் கேட்கும்? கம்பியைப் பிடித்து உலுக்கினேன். அப்போது முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளே, இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. ஒரு தட்டு.

தொட்டிக்குள் மங்கு கண்ணாடியில் இடித்துக்கொண்டிருந்தது. பம்பு ஓடவில்லை, தண்ணீர் அசையவில்லை. மீன் இரண்டும் எதிர் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. ஏதோ நண்டு உள்ளே புகுந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையை விட்டு மங்கை வெளியே எடுத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறேன், தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. கண்ணாடிக்கு உள்ளேயிருந்து வருகிறது. ஓட இடமில்லை. கம்பியில் முதுகை ஒட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாமா நாளெல்லாம் உட்கார்ந்திருந்த அதே இடம். என் கையும் தானாகவே மங்கால் கம்பியைத் தட்டத் தொடங்கியது, அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

சரோஜா வந்து சாவியைப் போட்டதும் பூட்டு சும்மா திறந்துகொண்டது. உள்ளே சத்தமும் நின்றது. லுமுட், டின், திரும்பிப் பார்த்தது எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அவள் என் கையிலிருந்த மங்கை வாங்கி முந்தானையால் துடைத்தாள். "ஞாயித்துக்கிழம அப்பாவ கொண்டு போய் விட்டுட்டு வரலாம்" என்றாள். மீன்களைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் கொண்டுபோய்க் கடலில் ஊற்றினோம். இந்த முறை நான் கழுத்தைக்கூட அசைக்காமல் வேனுக்கு வந்தேன், இரண்டு நாள் கழுத்து வலி.

அதற்குப் பிறகு சரோஜா அந்தக் கம்பிக்கதவைப் பூட்டியதே இல்லை. கள்ளன் வந்தால் வரட்டும் என்பாள். தொட்டியை உடைத்துத் தூக்கிப் போட்டு வருஷக்கணக்காகிவிட்டது. போன வாரம் பழைய கதை ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது, உங்கப்பாவோட அந்தத் தட்டுச் சத்தம் நின்று இத்தனை வருஷமாச்சே, உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எப்ப நின்னுச்சு?"