சுகந்தி திரும்பப் பார்த்த படம்

ஒருவருக்குப் பல் வேர் சிகிச்சை பாதியில் இருந்தபோது டாக்டர் சுகந்தியின் கணவர் போனில் அழைத்தார். "சுகந்தி போயிட்டாங்க. மாரடைப்புங்க" என்றார். நாற்காலியில் இருந்தவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். எப்படி அந்த வேலையை முடித்தேன் என்று தெரியவில்லை.

பள்ளிபாளையத்தில் எங்கள் பல் மருத்துவமனையைப் பதினான்கு ஆண்டுகள் சுகந்தியும் நானும் சேர்ந்து நடத்தினோம். எக்ஸ்ரே படத்தைக் கணினியே படித்து, சந்தேகமான இடங்களில் சிவப்புக் கட்டம் போடும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை வாங்கியது என் பிடிவாதத்தால். சுகந்திக்கு அதில் நம்பிக்கை இல்லை. "அது படத்தப் பாக்குது. ஆளப் பாக்கறது நாமதானுங்க" என்பார்.

ஒரு சனிக்கிழமை மாரப்பன் என்ற தறித் தொழிலாளி கடைவாய் வலியோடு வந்தார். அவருடைய தாடைப் படத்தில், வலப்பக்கக் கடைசிப் பல்லுக்குப் பின்னால் கணினி கட்டம் போட்டது. தொண்டைக் காற்றின் நிழல்தான் அது என்று சொல்லி, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார் சுகந்தி. நானும் தலையாட்டினேன்.

மாலையில் சுகந்தி அந்தப் படத்தைத் தானாகவே மறுபடி திறந்தார். இரு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, "காத்தோட நிழல்னா இடப்பக்கமும் இருக்கோணுமில்லீங்க? அங்க இல்லியே" என்றார்.

மாரப்பனின் போன் அணைந்திருந்தது. நான் திங்கள் வரை பொறுக்கலாம் என்றேன். சுகந்தி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். பின்னாலேயே நானும் போனேன். மாரப்பன் வேலை செய்யும் தறிக்கூடத்தின் இரைச்சலில் உரக்கப் பேச வேண்டியிருந்தது. எல்லோர் காதிலும் விழும்படிதான் சுகந்தி சொன்னார்: "உங்க படத்த நாந்தான் தப்பாப் பாத்துட்டேனுங்க. கம்ப்யூட்டர் சரியாக் காட்டுச்சு. நாங் கேக்கலீங்க."

மாரப்பன் தறியை நிறுத்தினார். "ஏனுங்க, டாக்டரே தப்புன்னு சொன்னா நாங்க யார நம்பறதுங்க?"

"என்னைய மட்டும் நம்பாதீங்க. ஈரோட்டுல தாடை ஆபரேசன் பண்றவருகிட்டக் காட்டுங்க. கடுதாசி நாந் தர்றேன். தள்ளிப் போடாதீங்க."

ஈரோட்டில் பார்த்தபோது, மாரப்பனின் தாடைக்குள் நீர்க்கட்டி வளர்ந்து எலும்பை அரித்திருந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் தாடை முறிந்திருக்கும் என்றார் அறுவை மருத்துவர். கட்டியை எடுத்தார்கள், தாடை தப்பியது.

அதன்பின் சுகந்தி ஒரு வழக்கம் கொண்டுவந்தார். முதலில் கட்டங்களை மறைத்துவிட்டுப் படத்தை நாங்கள் பார்த்து எழுத வேண்டும். பிறகே கணினியின் கருத்து. மேட்டூர்ப் பெரியவர் ஒருவரின் மூன்று பற்களில் அது சொத்தை என்று கட்டம் போட்டபோது, அவை பழைய அடைப்பின் ஓரங்கள்தான் என்று கண்டு, பல்லைக் குடையாமல் அனுப்பியதும் சுகந்திதான்.

சுகந்தியின் இறுதிச் சடங்குக்கு மாரப்பன் வந்திருந்தார். "தப்பப் பண்ணிட்டு எங்க கூடம் வரைக்கும் வந்து சொன்னவங்க அவங்க ஒருத்தருதானுங்க" என்றார்.

சென்ற வாரம், ராசிபுரத்து ஆசிரியை ஒருவருக்குப் பல் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தேன். மறுநாள் அவருடைய படத்தை மறுபடி பார்த்தபோது வேர் நுனியில் சீழ் தெரிந்தது. போனை எடுத்து அவரை அழைத்தேன்.

"தப்பு என்னோடதுங்க. நாளைக்கு வர முடியுங்களா?"

"சரிங்க, வாரேன்" என்றார் ஆசிரியை.

சுகந்தியை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது 'தப்பு என்னோடதுங்க' என்ற இந்த ஒரு வாக்கியம். இன்னும் எளிதாகச் சொல்ல வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.