கொதிநீர் ஊற்றச் சொன்ன காசிம் நானா

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்துகொண்டிருந்தேன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து காசிம் நானாவின் மருமகன் வந்து சைக்கிளை மதிலில் சாய்த்தார். "மாமா மௌத்தாகிட்டார். சுபஹ் தொழுதிட்டுப் படுத்தவர் எழும்பல்ல. லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்," என்றார். சாவியும் கையுமாக நின்றேன். ஆறு வருஷமாக நானாவிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இனிச் சொல்லவே முடியாது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

கண்டியில் துவக்கு என்கிற வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்த எவரும் அவரை அறிவார்கள். துவக்குக் கடையின் பின்கட்டில் ஒரே மேசையின் இரு பக்கமும் அவரும் நானுமாகப் பன்னிரண்டு வருஷம் இருந்தோம். ஹந்தானை, புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரைமார் மரையோ காட்டுப்பன்றியோ சுட்டுவிட்டுத் துவக்கை எங்களிடம் அனுப்புவார்கள். குழலைச் சுத்தம் செய்து கொடுப்பது எங்கள் வேலை. ஆனால் ஊரில் பாதிப்பேர் அவரை நினைப்பது 'தண்ணீர் ஊற்றித் துரையின் துவக்கைக் கெடுத்த மனுஷன்' என்றுதான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

துவக்குக் குழலுக்கு மண்ணெண்ணெய், பிறகு எண்ணெய். இதுதான் ஊரறிந்த முறை. நானா ஒப்பமாட்டார். கரிக்கு மண்ணெண்ணெய் போதும், ரவைக்குண்டு உரசி ஒட்டிய உலோகத்துக்கு அமோனியா வேண்டும், ஆனால் இரண்டுக்கும் முன்னால் ஒரு கேத்தல் கொதிநீர் குழலுக்குள் போயாக வேண்டும் என்பார். புனலை வைத்து மூன்று தடவை ஊற்றுவார். "தொழப்போற மாதிரித் துவக்குக்கும் ஒளு எடுத்து விடுறீங்களா நானா?" என்று நான் சீண்டுவேன். அவருக்குக் கோபம் வராது. "வெடிமருந்துல உப்பு ஈக்கிது முத்தையா, அது இரும்பைத் திங்கும். கறியில உப்புக் கூடினா எண்ணெயா ஊத்துவீங்க? தண்ணிதானே ஊத்துவீங்க?" என்பார். கொதிநீராக இருந்தால் இரும்பு சூடேறித் தானே காய்ந்துவிடும் என்றும் சொல்வார். நான் தலையாட்டுவேனே தவிர, இரும்புக்குத் தண்ணீர் ஆகும் என்று ஒருநாளும் நம்பவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன், தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல மழை. புசல்லாவைத் துரை ஒருவரின் துவக்கு வந்தது. டிரைவர் இரண்டு மணிக்கு எடுக்க வருவான். நானா ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டார். "தண்ணியைக் கொதிக்க வச்சு ஊத்திடுங்க. நான் வந்து மிச்சத்தைப் பாத்துக்கொள்றேன்," என்றார். அடுப்புக்கரி ஈரம். ஊதி ஊதி எனக்கு எரிச்சல் வந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த சீலைத்துண்டைக் கம்பியில் சுற்றி நாலு தரம் இழுத்தேன். நாலாம் தரம் துண்டு வெள்ளையாகவே வெளியே வந்தது. தண்ணீர் இல்லாமலே முடிகிறதே, இவர் என்னத்துக்கு இந்தப் பாடு படுகிறார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். எண்ணெய் பூசி வைத்துவிட்டேன்.

பள்ளிவாசலிலிருந்து வந்ததும் கேட்டார்: "தண்ணி ஊத்தினீங்களா?"

"ஊத்தினேன் நானா," என்றேன், வாய் கூசாமல்.

ஒரு மாதம் போயிருக்கும். துரையே காரில் வந்து இறங்கினார். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்த கடை முதலாளியின் முகம் சுண்டிப் போனது. உள்ளே முழுக்கத் துரு அரித்திருந்தது. "இரும்புக்கு எவன் தண்ணி ஊத்தினவன்?" என்று கத்தினார். நானா குழலை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அவர் என் பக்கம் திரும்புவார் என்று பயந்து நின்றேன். திரும்பவில்லை. "தண்ணி ஊத்தித்தான் ஈக்கிது முதலாளி. அப்ப என்ட முறையிலதான் பிழை," என்றார்.

அன்றோடு கேத்தல் பின்கட்டை விட்டுப் போனது. நானாவை முன்பக்கத்தில் தோட்டா விற்க வைத்தார்கள். அதன் பிறகு துருப்பிடித்து வந்த துவக்குகள் முன்பைவிட அதிகம். மழை ஊர், அப்படித்தான் என்றார் முதலாளி. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் வேலை போயிருக்கும். மஹய்யாவையில் என் வீட்டில் அப்போது ஐந்து வயிறு. ஆனால் அதைச் சாக்காகச் சொல்லிக்கொள்ள எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நானா வீட்டில் பழைய இரும்புத் துண்டுகளில் உப்பைத் தடவி, கொதிநீர் ஊற்றி, காயவைத்துப் பார்த்தபடியே இருந்தார். ஒன்றும் துருப்பிடிக்கவில்லை. அப்படியானால் அந்தத் துவக்கு மட்டும் ஏன்? ஊரின் தண்ணீரைச் சந்தேகப்பட்டார், புனலைச் சந்தேகப்பட்டார், தன் புத்தியையே சந்தேகப்பட்டார். என்னை மட்டும் சந்தேகப்படவில்லை.

போன மாதம் பார்க்கப் போனேன். கதிரையில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். மகள் பிளேன்டீ வைத்துவிட்டுப் போனதும் மெல்லக் கேட்டார்: "அண்டைக்குத் தண்ணி நல்லாக் கொதிச்சதா முத்தையா? நெனச்சுப் பாருங்க."

சொல்லியிருக்கலாம். அறையில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. "கொதிச்சது நானா," என்றேன்.

"அப்ப எனக்குத்தான் வெளங்கல்ல," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, நானா வீட்டு வாசலில் நின்று அவருடைய மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. "அப்ப வாப்பா சொன்னது சரியா?" என்று கேட்டார். சரி என்றேன். உள்ளே திரும்பி, "உம்மா, இவர் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க," என்று கூப்பிட்டார். புருஷனை இழந்து இத்தாவில் இருப்பவர் வேற்று ஆண் முன் வருவதில்லை; திரைக்குப் பின்னால் காலடிச் சத்தம் வந்து நின்றது. அந்தத் திரையைப் பார்த்து முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். பிறகு, "மௌத்தாகிறதுக்கு முந்தின ராவும் அதைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தார்," என்று மட்டும் குரல் வந்தது.

அவரை அறிந்த உங்களுக்கும் சொல்கிறேன்: காசிம் நானாவின் முறையில் பிழை இல்லை. அந்தக் குழலில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என் வார்த்தைமேல் அவர் வைத்த நம்பிக்கை ஒன்றுதான். அது எனக்கு உரியதல்ல. திருப்பிக் கொடுக்க அவரும் இல்லை.